மூளிக் கழுத்து

2017 தை மாதம். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கல்யாணம், நெருங்கிய சொந்தம். என்னை மொய் எழுத உட்கார வைத்தார்கள். "சொசைட்டியில வேலை பாக்குறா, அவ கணக்கு தப்பாது" என்று சொல்லிப் பெரியப்பா நோட்டையும் ஒரு மஞ்சள் பையையும் என் முன்னால் வைத்தார். எங்கள் பக்கம் மொய் எழுதுவது ஆம்பளைகள் வேலை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அது பெருமைதான். பெருமையாகத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் மூன்று தடவை கூட்டிப் பார்த்தும் மூவாயிரம் ரூபாய் இடித்தது.

பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பைக்குள் புது ரெண்டாயிரம் ரூபாய் நோட்டுகளாகக் கிடந்தன. "புது நோட்டு, பழக்கமில்ல" என்று சமாளித்துவிட்டு, மூவாயிரத்தை என் கைப்பையிலிருந்து வைத்தேன். காரணம் நோட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். கழுத்துதான் காரணம்.

அந்த வருஷம் சம்பா போய்விட்டது. மேட்டூர்த் தண்ணீரும் சரியாக வரவில்லை, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. என் செயினும் வளையலும் அடகில் இருந்தன. அதுவும் நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கத்தில் இல்லை, வட்டி கூடுதலான ஒரு தனியார் கடையில். சங்கத்தில் வைத்தால் கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே. மானத்துக்குக் கட்டிய வட்டி அது. கல்யாணத்துக்கு நான் போட்டுப் போனது சிதம்பரத்தில் வாங்கிய கவரிங். வியர்வை பட்டால் அரிக்கும், பச்சையாக இறங்கும். ஒவ்வொருத்தர் பெயரை எழுதும்போதும் இடது கையால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தேன்.

நடுவில் பெரியத்தை ஒருத்தர் வந்தார். "நல்லா இருக்கியா?" என்று குனிந்து, என் ஆரத்தை இரண்டு விரலால் லேசாகத் தூக்கி, விட்டார். அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த விரல் தராசு தெரியும். தங்கமா, கவரிங்கா, எத்தனை பவுன், உள்ளே அரக்கு எவ்வளவு, எல்லாம் அந்த ஒரு தூக்கலில் தெரிந்துவிடும். "நல்லாருக்கே, எங்க எடுத்தே?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் நினைவில் இல்லை. அதற்குப் பிறகு எழுதிய பக்கத்தில்தான் அந்த மூவாயிரம் தொலைந்திருக்க வேண்டும்.

'மூளி' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. விளிம்பு உடைந்த குடம் மூளிக் குடம். தோடில்லாத காது மூளிக் காது, நகையில்லாத கழுத்து மூளிக் கழுத்து. உடைந்த மண்பாண்டத்துக்கும் வெறும் கழுத்துக்கும் ஒரே சொல். பிறக்கும்போது எல்லாக் கழுத்தும் வெறுமையாகத்தானே இருக்கிறது? அதைக் குறை என்று பேர் வைத்து, தங்கத்தால் அடைத்தால்தான் முழுசு என்று சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அம்மா என்னை மூளி என்று திட்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "காது மூளியா இருக்கு, ஈர்க்குச்சியாவது சொருகிக்கடி" என்பாள். அதில் பாசம்தான் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

மகள் திருச்சியில் உளவியல் படிக்கிறாள். மொய் நோட்டுக் கதையை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "அம்மா, இதுக்கு ஒரு எக்ஸ்பெரிமெண்டே இருக்கு" என்றாள். அமெரிக்காவில் 1997-ல் பார்பரா ஃப்ரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு பேர் ஒரு கருத்தை எழுதினார்களாம். பெண் தன்னைத் தன் கண்ணால் பார்ப்பதைவிடப் பார்ப்பவர்களின் கண்ணால் பார்க்கப் பழகிவிடுகிறாள், அவள் கவனத்தில் ஒரு பங்கு எப்போதும் அந்தக் காவலுக்கே போய்விடுகிறது என்று. அடுத்த வருஷம் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். கல்லூரிப் பெண்களில் சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். கண்ணாடி இருக்கும் அறையில் தனியாக நின்று போட்டுக்கொண்டு, அப்படியே ஒரு கணக்குத் தேர்வு எழுத வேண்டும். பார்க்க ஆள் இல்லை. இருந்தும் நீச்சலுடை போட்ட பெண்கள் ஸ்வெட்டர் போட்டவர்களைவிடக் குறைவாக மார்க் வாங்கினார்கள். ஆண்களுக்கு உடையால் அப்படி ஒரு சரிவு வரவில்லை.

நான் நீச்சலுடையைக் கண்ணால் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த அறையில் நின்ற பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு கஜப் புடவையைச் சுற்றிக்கொண்டு, மண்டபத்தில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்தவள்தான் அவள்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். பொருளாசையை அளக்க ஒரு அளவுகோல் இருக்கிறது. 1992-ல் ரிச்சின்ஸ், டாசன் என்பவர்கள் செய்தது, பதினெட்டுக் கேள்விகள். அதன்படி பொருளாசைக்கு மூன்று பக்கம். பொருள் சேர்ப்பதே வாழ்க்கையின் நடுவாக இருப்பது ஒன்று. பொருள் வந்தால்தான் சந்தோஷம் என்று நம்புவது இரண்டு. வைத்திருக்கும் பொருளை வைத்தே தன்னையும் பிறரையும் எடைபோடுவது மூன்று. கேட்டதும் எனக்குத் தோன்றியது, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மூன்றாவது மட்டும்தான் பொருந்தும் என்று. முதல் இரண்டுக்கும் பொருள் கையில் நிற்க வேண்டுமே!

"பொம்பளைங்களுக்கு நகைப் பைத்தியம்" என்பார்கள். இருபது வருஷமாக நகைக்கடன் கவுண்டரில் இருக்கிறேன், என்னிடம் கேட்கட்டும். டெல்டாவில் நகை ஆற்றைப் போல. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கழுத்திலிருந்து இறங்கும், உழவு, விதை, நடவுக் கூலி என்று வயலுக்குப் போகும். அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வந்தால் திருப்பி ஏறும். குறுவைக்கு ஒரு தடவை, சம்பாவுக்கு ஒரு தடவை. பணம் வரவில்லை என்றால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பது. அதுவும் முடியாவிட்டால் ஏலம். ஏலத்தில் போன நகையை எங்கள் ஊரில் 'மூழ்கிப்போச்சு' என்பார்கள். தண்ணீர் வராத வருஷத்தில்தான் அதிகமாக மூழ்கும்.

கவுண்டருக்கு வரும் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தாலிக்கொடியை வைக்க வருபவள் இங்கே வந்து கழற்ற மாட்டாள். வீட்டிலேயே தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருவாள். மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்துத் திராவகம் விட்டுப் பார்ப்பார். பிறகு தராசு. மொத்த எடை ஒன்று எழுதுவோம். கல்லுக்கு, அரக்குக்கு, அழுக்குக்குக் கழித்து நிகர எடை ஒன்று எழுதுவோம். "என்னாக்கா, இவ்ளோ கழிச்சிட்டாரு?" என்று கேட்கும்போது அவள் முகம் சுருங்கிப்போகும். கழித்தது நகையில்தான். அவளுக்கு அப்படித் தெரிவதில்லை. கடன் தொகை பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் கணவர் சட்டைப்பைக்குப் போகும். ரசீதை மட்டும் அவள் மடித்து இடுப்பில் சொருகிக்கொள்வாள்.

எதற்காக இவ்வளவு தங்கம் பெண் மேல் ஏற்றப்பட்டது என்று யோசித்தால் நிலத்தில் வந்து நிற்கிறது. டெல்டாவில் சொத்து என்றால் நிலம்தான். வேலிக் கணக்கு, மா கணக்கு. இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். அது ஆண் வழிக்கு. பெண்ணுக்கு எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வேண்டும், அதுதான் நகை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் இல்லை. 2005-ல் நாடு முழுக்க வந்தது. நான் 2003-ல் கல்யாணம் ஆனவள், எனக்குப் பங்கு உண்டு. அப்பா 2009-ல் போன பிறகு, பதினைந்து மா நிலத்தில் என் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் மிரட்டவில்லை. "உனக்குத்தான் இருபத்தஞ்சு பவுன் போட்டாச்சே" என்று அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. பத்திர ஆபீஸ் வாசலில் எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

அந்த இருபத்தைந்து பவுன் கணக்கை ஒரு நாள் ராத்திரி எழுதிப் பார்த்தேன். தொழில் புத்தி. கல்யாணத்தப்போ பவுன் நாலாயிரத்துச் சொச்சம், மொத்தம் லட்சம் ரூபாய்ச் சமாசாரம். அதில் ஐந்து பவுன் போர்வெல் போட விற்றது. ஆறு பவுன் நாத்தனார் கல்யாணத்துக்கு அப்படியே கழற்றிக் கொடுத்தது. நாலு பவுன் மூழ்கியது, அந்த 2017-லேதான். மூன்று பவுன் மகள் படிப்புக்கு. மிச்சம் ஏழு. 2024 மார்ச்சில் பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியபோது, "அன்னைக்கு விக்காம இருந்திருந்தா..." என்று என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். போர் அவர் நிலத்தில் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது நகை போனது இல்லை. போனது எல்லாம் தேவைக்குத்தான், நானே கழற்றித் தந்ததுதான். ஒவ்வொரு பவுன் இறங்கும்போதும் நானும் கொஞ்சம் இறங்கியதாக நினைத்தேனே, அதுதான் உறுத்துகிறது. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவள் என்றல்லவா தலை நிமிர்ந்திருக்க வேண்டும்? கல்யாண வீட்டில் பின் வரிசையில் உட்கார்ந்தேன். போட்டோ எடுக்கும்போது தூணுக்குப் பின்னால் நின்றேன். 'பொன்னகை எதற்கு, புன்னகை போதும்' என்று ஒரு வசனம் உண்டு. நான் கேட்டவரையில் நகையை அடகு வைத்துவிட்டு வந்தவர்கள்தான் இதைச் சொல்கிறார்கள்.

என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது. பெரியத்தையின் விரல் எனக்கும் இருக்கிறது. அண்ணன் மகனுக்குப் பெண் பார்த்தபோது, அந்தப் பெண் காபித் தட்டோடு குனிந்தாள். நான் பார்த்தது அவள் ஆரம் குனியும்போது எப்படித் தொங்குகிறது என்பதை. உள்ளே பொள்ளலா, கட்டியா என்று தெரிந்துகொள்ள. பெண் பார்மசி படித்தவள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சொன்னார்களாம், நான் கேட்கவில்லை.

நகையைக் கல்லில் வெட்டி எழுதிவைத்த ஊர் எங்களுடையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த நகைகள், இத்தனை முத்து, இத்தனை மாணிக்கம், அந்தக் கால எடையில் இத்தனை கழஞ்சு மஞ்சாடி குன்றி என்று ஒன்றுவிடாமல் இருக்கிறது. தங்கம் நிறுத்த எடைக்கல்லுக்கே 'ஆடவல்லான்' என்று பேர். எங்கள் ஊரில் சீர் தட்டுப் பட்டியல் வாசிக்கும்போது எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும். அதே கோயிலில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. கோயிலில் ஆட வந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். ஒவ்வொருத்திக்கும் பேர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ராஜா உத்தரவில் ஊர் ஊராகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பெண்ணின் பேர் இருக்கிறது, வீடு இருக்கிறது, நெல் இருக்கிறது. கழுத்தில் எவ்வளவு என்ற கணக்கு இல்லை. எடை போட்டதெல்லாம் சாமிக்குப் போட்ட நகை.

பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக விடும் வழக்கத்தை எதிர்த்து நின்றவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். மூவலூர் மயிலாடுதுறையை ஒட்டிய ஊர். அந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்து, அதை உடைக்க மேடை மேடையாகப் பேசியவர். 1947-ல் அதை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1989-ல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2011-ல் அதில் தாலிக்குத் தங்கம் நாலு கிராம் சேர்ந்தது, 2016-ல் எட்டு கிராம் ஆனது. பெண்ணைப் பண்டமாக்குவதை எதிர்த்தவரின் பெயரில் ஒரு பவுன். 2022-ல் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். அம்மையார் பேர் அப்படியே இருக்கிறது. "தாலிக்குக் குடுத்தத நிறுத்திட்டாங்களே" என்று கவுண்டரில் ஒரு அம்மா அழாத குறையாகச் சொன்னார். அவர் மகள் அப்போது பக்கத்தில் நின்று, போனில் கல்லூரி விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருந்தாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. கல்யாணச் செலவு அம்மா தலையில்தானே விழும்.

என் மகளுக்கு நகை ஆசை கிடையாது. "அதெல்லாம் வாடகைக்கு எடுத்துக்கலாம்மா" என்கிறாள். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். அவள் குளியலறை அலமாரியில் சீரம் என்று ஒன்று, சன்ஸ்கிரீன் இரண்டு வகை, ராத்திரிக்கு ஒரு க்ரீம். போனில் முகத்தை வழுவழுப்பாக்கும் ஃபில்டர் இல்லாமல் படம் அனுப்ப மாட்டாள். எங்கள் தலைமுறையில் ஃபேர் அண்ட் லவ்லி ஒன்றுதான் இருந்தது. 1975-ல் வந்து, 2020-ல் பேரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆனது. பேர் மாறியது, முகத்தில் ஏதோ குறை என்ற எண்ணம் மாறவில்லை. ஒரு நாள் கேட்டேன். "உங்களுக்குக் கழுத்து மூளி, எங்களுக்கு மூஞ்சி மூளி. படிச்சாத் தெரியுது, போக மாட்டேங்குது" என்றாள். அந்த எக்ஸ்பெரிமெண்டை எனக்குச் சொன்னவள் அவள்தான்.

ஆடிப்பெருக்கு அன்று மட்டும் எங்கள் படித்துறையில் வேறு மாதிரி இருக்கும். காவிரிக்கு மசக்கை என்பார்கள். சித்ரான்னம், காப்பரிசி, அப்புறம் காதோலை கருகமணி. பனையோலைச் சுருள் காதோலை, கறுப்பு மணி கருகமணி. கடைத்தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆற்றுக்குப் போடும் நகை அது. படியில் உட்கார்ந்து எல்லோரும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வோம். ஆறு பவுன் கொடி போட்டவளுக்கும் அதே கயிறு, அடகில் வைத்தவளுக்கும் அதே கயிறு. அந்த அரை மணி நேரம் யாரும் யார் கழுத்தையும் பார்ப்பதில்லை. அம்மா மட்டும் மேல் படியில் நிற்பாள், அப்பா போனதிலிருந்து. வெறும் கழுத்தோடு. இறங்கி வா என்றால் வர மாட்டாள். போன வருஷம் பக்கத்தில் போய், கஷ்டமா இருக்காம்மா என்று கேட்டேன். "மொதல்ல இருந்துச்சு. இப்ப கழுத்து வலி இல்ல, திருட்டுப் பயம் இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ கேட்டதும் கை தானா அங்க போவுது பாரு" என்று சிரித்தாள்.

2021-ல் கூட்டுறவு நகைக்கடனில் ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று அரசு அறிவித்தது. தகுதிப் பட்டியல், ஆதார், ரேஷன் கார்டு என்று சரிபார்த்து, நகையைத் திருப்பிக் கொடுக்க அடுத்த வருஷம் ஆனது. அந்த வாரங்கள் மாதிரிச் சங்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒருத்தி வந்தாள், என்னைவிடப் பத்து வயது இளையவள், சொந்த நிலம் கொஞ்சம், மற்ற நாளில் நடவுக்கும் போவாள். பையின் சீலைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். நாலு பவுனுக்குக் கொஞ்சம் குறைச்சல், பழைய மாடல் செயின். அங்கேயே போட்டுக்கொண்டாள். கண்ணாடி இருக்கா என்று கேட்டாள். இல்லை. போன் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கே யாரோ மாதிரி இருக்குக்கா" என்றாள். போகும்போது முந்தானையைச் சரியாக ஒதுக்கி, செயின் தெரியும்படி விட்டுக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திராமல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் அவள் மறுபடி வந்தாள், குறுவைச் செலவுக்கு. கையில் அதே கைக்குட்டை முடிச்சு. தராசில் வைத்தோம். பழைய ஏட்டில் இருந்த எடைதான், மில்லி கிராம் மாறவில்லை.

"ஒரு மாசம்கூடப் போட்டுக்கலையேடி" என்றேன், கேட்டிருக்கக் கூடாது.

"நாளைக்கு நம்ம வயல்லதான் நடவுக்கா. சேத்துல குனிஞ்சு நிக்கிறப்ப இது வேற முன்னாடி வந்து வந்து இடிக்கும்" என்று சிரித்தாள். ரசீதை மடித்து இடுப்பில் சொருகினாள். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு படியிறங்கினாள்.